என்சைம் டெஸ்டா, மரபணு டெஸ்டா?

எம்.ஆர்.ஐ.யில் குழந்தையின் மூளை வெள்ளைப் பகுதியில் பாதிப்பு, அந்தப் பகுதியைச் சிதைக்கும் பரம்பரை நோயான லூக்கோடிஸ்ட்ரோஃபியாக இருக்கலாம் என்றதும் சேலம் பக்கப் பெற்றோர் திணறுவது இங்கேதான்.

செலவு: என்சைம் குறைவு, மரபணு பல மடங்கு.
நேரம்: என்சைமுக்கு நாள்கள், மரபணுவுக்கு வாரங்கள்.
அலைச்சல்: இரண்டுக்கும் ரத்தம்தான். ஆனால் என்சைமுக்கு எடுத்தது லேபுக்குச் சீக்கிரம் போய்ச் சேரணும். ஏற்காட்டுக்காரர்கள் மலையிறங்கி வந்தே கொடுப்பது நல்லது.
தெளிவு: அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற என்சைம் குறைந்ததாலேயே இந்த நோயின் மெட்டாகுரோமாடிக் வகை என்று முடிவுகட்ட முடியாது, நோயில்லாத சிலருக்கும் அது குறைவாகவே இருக்கும். மரபணு ரிப்போர்ட்டும் சிலசமயம் 'அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்' என்று கையை விரிக்கும்.

டாக்டர் ஒரே நோயைச் சந்தேகித்தால் முதலில் என்சைம். அடுத்த குழந்தை யோசனை இருந்தால், முக்கியமாக அக்கா மகள், மாமன் மகள் கல்யாணமென்றால், கடன் வாங்கியாவது மரபணு என்பேன். பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவில் குறையைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% அபாயம். எந்த மாற்றம் என்று தெரிந்தால் கருவிலேயே பார்க்கலாம்.