பாத்வேலிடேட்: தமிழ்த் தலைப்பின் புள்ளியைத் தின்னாத லைப்ரரி

பல வருடமாக இணையத்தில் எழுதியதை எல்லாம் கணினியில் இறக்கி வைக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன், பதிவுக்கு ஒரு கோப்பு, தலைப்பே கோப்பின் பெயர், அவ்வளவுதான் வேலை. பெயரைச் சுத்தம் செய்ய முதலில் எடுத்த லைப்ரரி, அதாவது வேறொருவர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, "பொங்கல்" என்பதை "பஙகல" ஆக்கிவிட்டது. எழுத்தும் எண்ணும் தவிர மற்றதைத் தூக்கு என்று அது ரெகெக்ஸிடம் (உரையில் வடிவம் பார்த்துத் தேடும் கருவி) சொல்கிறது, பைத்தானோடு வரும் ரெகெக்ஸோ நம் புள்ளியையும் கொம்பையும் காலையும் எழுத்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அத்தனை தலைப்பும் மொட்டையாக நின்றதைப் பார்த்து வயிறு எரிந்தது.

அப்புறம்தான் கோப்புப் பெயரைச் சுத்தம் செய்யும் பாத்வேலிடேட் என்ற பைத்தான் லைப்ரரி கிடைத்தது. கோப்பு முறைமை எதை ஏற்காதோ அதை மட்டும்தான் இது எடுக்கிறது, தமிழில் கை வைப்பதே இல்லை. லினக்ஸில் ஓட்டினாலும் விண்டோஸில் கோப்புப் பெயருக்கு ஆகாத கேள்விக்குறி, இரட்டை மேற்கோள்குறி, முக்காற்புள்ளி எல்லாம் போய்விடும், அதற்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முக்காற்புள்ளி போவதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. "பொங்கல்: அன்றும் இன்றும்" என்று விண்டோஸில் அப்படியே சேமித்தால் பிழை எதுவும் காட்டாமல் "பொங்கல்" என்று 0 பைட் கோப்பு ஒன்று நிற்கும், எழுதியதெல்லாம் கண்ணில் படாத ஒரு மூலைக்குப் போயிருக்கும். காப்பு எடுத்துவிட்டோம் என்று நம்பி மூலத்தை அழித்தவர் கதி என்ன?

மாற்று எதுவும் சொல்லாமல் சும்மா அழைத்தால் பாத்வேலிடேட் குறிகளை நீக்கிச் சொற்களை ஒட்டிவிடும், "ஏன்?எப்படி" என்பது "ஏன்எப்படி" ஆகும், அதனால் மாற்றாக அடிக்கோடு கொடுங்கள்.

நீளத்தை நானே முன்கூட்டி வெட்டிவிடுகிறேன். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியீடு, "மி" என்றாலே (ம ஒன்று, மேலே வரும் கொக்கி ஒன்று) அதில் இரண்டு போய்விடும், கண்ணுக்கு ஐம்பது எழுத்து தேறினால் பெரிது. வெட்டும்போது உயிர்மெய்யை நடுவில் அறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே தலைப்பு இரண்டு முறை வந்தால் பாத்வேலிடேட் எச்சரிக்காது, சரி, அது இதன் வேலையும் இல்லை. "கவிதை" என்ற பெயரில் மட்டும் என்னிடம் ஏழு பதிவுகள், முன்னால் தேதியைச் சேர்த்த பிறகுதான் ஏழும் தப்பின.