குதிரையேற்ற உடுப்பு: எல்லாம் சரி, அந்த ஜிப் மட்டும்...

தோழியின் மகள் ஈசிஆர் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். "என்னென்ன வாங்கணும், எதெல்லாம் தண்டச் செலவு?" என்று தோழி வாட்ஸப்பில் கேட்ட வாரத்தில்தான் என் ஹாஃப் சாப்ஸின் (கெண்டைக்காலைச் சுற்றிப் பூட்டும் தோல் உறை) ஜிப் மறுபடியும் வாயைப் பிளந்தது. அதனால் இந்தப் பதிவில் எரிச்சல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ், பிரீச்சஸ் என்னும் சவாரி பேன்ட் எல்லாம் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, சில வருடங்களாகச் சென்னை வெயிலில் அவற்றைப் போட்டுத் தேய்த்தவளாகப் பேசுகிறேன்.

முதலில் சாப்ஸைப் புகழ்ந்துவிடுகிறேன், அப்புறம் மனசு வராது. அது இல்லாமல் சவாரி செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஸ்டிரப் (பாதம் வைக்கும் வளையம்) தொங்கும் தோல்வார் கெண்டைக்காலைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். அரைமணி நேரம் டிராட் (குதிரையின் துள்ளுநடை) போனால் மறுநாள் அங்கே கன்றிப்போயிருக்கும். குட்டை பூட்ஸுக்கு மேல் இந்தத் தோல் உறையை முழங்கால் வரை பூட்டிவிட்டால் கிள்ளல் இல்லை, பேன்ட் சுருண்டு மேலே ஏறுவதில்லை, குதிரையின் விலாவில் கால் நழுவாமல் நிற்கிறது. என்னுடையது கான்பூர்த் தோல். சேண வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது, சும்மா சொல்லக் கூடாது: இத்தனை நாளில் தையலில் ஓர் இழை பிரியவில்லை, தோல் வெடிக்கவில்லை. போடப் போட என் காலுக்கென்றே செய்ததுபோல் இளகிவிட்டது.

இவ்வளவு நல்ல தோலுக்கு அந்த ஜிப்பைப் போட யாருக்கு மனசு வந்ததோ!

சிக்கல் கணுக்காலில். "குதிகாலை இறக்கு, குதிகாலை இறக்கு" என்று மாஸ்டர் கத்தக் கத்த, ஜிப் வளைவது அங்கேதான். அதோடு வியர்வை உப்பு, அரங்கத்து மணல், குதிரையைக் குளிப்பாட்டும்போது தெறிக்கும் தண்ணீர். ரன்னர் ஒழுங்காக முழங்கால் வரை ஏறிவிடும். கீழே பற்கள் தனியாகப் பிரிந்து இளிக்கும். மெழுகுவத்தி தடவினேன், பழைய டூத் பிரஷ்ஷால் மணலைத் தேய்த்து எடுத்தேன். மயிலாப்பூரில் பை ரிப்பேர் செய்யும் அண்ணன் முதலில் குறட்டால் ரன்னரை நெருக்கிக் கொடுத்தார், அப்புறம் ரன்னரையே மாற்றினார். கடைசியில் "ஜிப்பையே மாத்திடலாம்மா, சூட்கேஸ் ஜிப்பு போட்டா ஆயுசுக்கும் தாங்கும்" என்றார். மாற்றிக் கொடுத்தும் விட்டார். பற்கள் பெரிசு, நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து எலாஸ்டிக் பட்டையைப் பிரித்துத் தைத்ததில் சுற்றளவு ஒரு விரல்கடை குறைந்து, இறங்கும்போது கால் மரத்துப்போகிறது. விற்ற கடையில் கேட்டால் ஜிப் தேய்மானம் உத்தரவாதத்தில் வராதாம்.

ஒரு ஜிப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கேன்ட்டரில் (டிராட்டைவிட வேகமான ஓட்டம்) போகும்போது அது பிரிந்தது. தோல் மடல் திறந்து குதிரையின் விலாவில் பட் பட்டென்று அடிக்க, அந்தப் பெண்குதிரை நான் காலால் தட்டி "இன்னும் வேகம்" என்று கேட்பதாக எடுத்துக்கொண்டது. அதன்மேல் தப்பே இல்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது. மாஸ்டர் நடுவில் வந்து நின்று நிறுத்திவிட்டார்.

இதையேதான் தோழிக்கும் சொன்னேன்: குதிரைமேல் போகும்போது உடம்பில் ஆடுவது, தொங்குவது, படபடப்பது எதுவும் இருக்கக் கூடாது. துப்பட்டா வீட்டிலேயே இருக்கட்டும். தொளதொள குர்தா சேணத்தின் முன்மேட்டில் மாட்டும். மழைக்கோட்டின் சரசரப்புக்கே சில குதிரைகள் துள்ளும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போடவேண்டும். மெட்டியோடு பூட்ஸ் போட்டால் இறங்கி நடக்கும்போது விரல் கெஞ்சும். நான் கழற்றிவிடுகிறேன், மாமியாரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. உச்சிக்கொண்டை ஆகவே ஆகாது. ஹெல்மெட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னலைப் பிடரியில் தாழப் போட வேண்டும்.

ஹெல்மெட்டில் எனக்கு ஒரு புகாரும் இல்லை, அதனால் சொல்லவும் அதிகமில்லை. வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அது சாலை விபத்துக்காகச் செய்தது, கனம் வேறு. குதிரைக்கான ஹெல்மெட்டைக் கூர்விளிம்பில் மோதவிட்டும் சோதிக்கிறார்கள். உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப் 1163 அல்லது ஈஎன் 1384 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். போட்டுத் தலையை ஆட்டினால் புருவத் தோலும் கூடவே அசைய வேண்டும். பலமாக ஒரு தடவை விழுந்தால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். அதனால்தான் இதை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. "சாதுக் குதிரைதானே" என்பவர்களுக்கு: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரஸாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக்காட்டும் போட்டி) ஆடிய கோர்ட்னி கிங்-டை, 2010ல் ஹெல்மெட் இல்லாமல் பயிற்சி செய்தபோது குதிரை கால் இடறி விழுந்தது, அவர் வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை, இடறியது, அவ்வளவுதான். சர்வதேச டிரஸாஜ் போட்டிகளில் வழக்கமான உயரத் தொப்பி (டாப் ஹாட்) போய் ஹெல்மெட் கட்டாயமானது 2021லிருந்து.

பூட்ஸுக்கு ஓர் அங்குலக் குதிகால், மழமழப்பான அடிப்பாகம். இவை இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ, பட்டன்பட்டனாக அடி வைத்த ட்ரெக்கிங் ஷூ இரண்டுமே ஆபத்து: ஒன்று ஸ்டிரப்புக்குள் முழுக்க வழுக்கிப் போய்விடும், இன்னொன்று விழும்போது வெளியே வராது. முழங்கால்வரை ஏறும் லாங் பூட்ஸ் பக்கம் நான் போகவில்லை. கார்த்திகை அடைமழையில் பெல்ட்டுக்கே பூசணம் பிடிக்கும் ஊரில் அவ்வளவு தோலை யார் துடைத்துக்கொண்டிருப்பது?

பாடி புரொடெக்டரை (விழும்போது மார்பையும் முதுகையும் காக்கும் ஃபோம் மேற்சட்டை) திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வெளிநாட்டுக் காணொளிகளில் "கொஞ்ச நேரம் போட்டிருங்கள், உடம்புச் சூட்டில் ஃபோம் இளகும்" என்கிறார்கள். இங்கே காரிலிருந்து எடுக்கும்போதே இளகித்தான் இருக்கிறது. ஆறு மணி வகுப்பில் பரவாயில்லை, எட்டு மணிக்கு இட்லிக் கொப்பரைதான். ஆனாலும் தடுப்புக் கம்பத்தின்மேல் முதுகு பட விழுந்த நாளில் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போனேன், அதனால் வாயை மூடிக்கொள்கிறேன். லெவல் 3 (பாதுகாப்பு மிக அதிகமான தரம்) வாங்குங்கள். சேணத்தில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள், பின்பக்க விளிம்பு சேணத்தில் இடிக்கக் கூடாது.

பேன்ட்டுக்கு ஜீன்ஸ் வேண்டாம், உள்தொடைத் தையல் தோலை உரித்துவிடும். 1897ல் ஜோத்பூர் அரச குடும்பத்து சர் பிரதாப் சிங் இங்கிலாந்தில் பிரபலமாக்கிய ஜோத்பூர் கால்சட்டை தொடையில் பொம்மென்று இருந்தது அழகுக்காக மட்டுமில்லை. அன்றைய துணி இழுபடாது, உட்கார இடம் வேண்டும். இழுபடும் துணி வந்ததும் உப்பல் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைக்குத் தையல் உறுத்தாத கெட்டி லெகிங்ஸ் முதல் சில மாதங்களுக்குத் தாராளமாகப் போதும்.

இனி மதிப்பெண். வேர்த்து நாறவைக்கும் பாடி புரொடெக்டருக்கு ஐந்துக்கு நாலு. காலைக் காப்பாற்றி, தோலும் தையலும் உழைத்து, நான் மேலே ஒரு முழுப் பத்தி புகழ்ந்த ஹாஃப் சாப்ஸுக்கு ஒன்று. அநியாயம்தான், இந்த வாரம் அப்படித்தான் வருகிறது. தோழிக்குச் சொன்னது: இப்போதைக்குச் சாப்ஸ் வேண்டாம், முழங்கால்வரை கெட்டிச் சாக்ஸ் வாங்கிக்கொடு, அந்தப் பணத்தையும் ஹெல்மெட்டில் போடு. பிள்ளை தொடர்ந்து போகிறாள் என்றால், வாங்கும்போது கடையிலேயே ஜிப்பைப் பூட்டி, குதிகாலை இறக்கி, உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.