கையால் தைத்த பந்து என்றால் எத்தனை தையல் என்று கேளுங்கள்

பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். இருபது பந்து மொத்தமாக வாங்கி ஏமாந்த கதை இது. விற்றவர் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டால் நாளைக்கு வேறு பெயரில் இதையே விற்கப் போகிறார். சரக்கைப் பற்றிச் சொன்னால் நாலு பேருக்காவது உதவும்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஐந்தாம் நம்பர் பந்து, கையால் தைத்தது, நாலு அடுக்கு, லேடெக்ஸ் பிளாடர் (பந்துக்குள் காற்று நிற்கும் ரப்பர் பை), மாதக்கணக்கில் காற்று இறங்காது. கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லேடெக்ஸ் பிளாடர் நன்றாகத் துள்ளும், காலுக்கு இதமாக இருக்கும், ஆனால் சில நாளுக்கு ஒரு தடவை காற்றடித்தே ஆக வேண்டும். காற்றைப் பிடித்து வைப்பது பியூட்டைல் ரப்பர். இரண்டு குணமும் ஒரே பிளாடரில் இருப்பதாகச் சொல்கிறார்கள், நானும் தலையாட்டிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “சார், பந்து சிரிக்குது” என்றான். சிரிக்கத்தான் செய்தது. தைத்துச் சேர்த்த இரண்டு துண்டுக்கு நடுவே வாய் பிளந்து, உள்ளே கறுப்பு பிளாடர் தெரிந்தது. தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தேன். சாக்கு மூட்டையைப் பிரிக்கிற மாதிரி ஒரு ஓரம் முழுக்கக் கையோடு வந்துவிட்டது.

கையால் தைத்த தையல் அப்படி வராது. வழக்கமான பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம், ஆக 32 துண்டு. அவற்றைச் சேர்க்க 90 ஓரம் தைக்க வேண்டும். சியால்கோட், ஜலந்தர் மாதிரி ஊர்களில் இதையே தொழிலாகச் செய்பவர்கள், முழங்காலுக்கு நடுவே மரக் கவ்வியில் இரண்டு துண்டையும் இடுக்கிக்கொண்டு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டு, ஒவ்வொரு தையலையும் வலித்து இறுக்குவார்கள். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இரண்டு மூன்று பந்துதான் முடியும். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு போகும். ஒன்று அறுந்தால் இன்னொன்றுக்குப் பிடிமானம் போய்விடும்.

விற்றவருக்கு போன் போட்டேன். முதலில், “காத்து அதிகமா அடிச்சிருப்பீங்க சார்” என்றார். ஆட்ட விதிப்படி 0.6 முதல் 1.1 வரை வளிமண்டல அழுத்தம் இருக்கலாம், நான் கேஜ் வைத்து 0.8தான் அடிக்கிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “கையால தைச்சதுதான் சார், கடைசித் தையலைப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். அவர் சொன்னது பொய்யில்லை! பந்தை உள்பக்கம் வெளியே இருக்கும்படிதான் தைப்பார்கள். கொஞ்சம் வாய் விட்டு, அந்த வழியே புரட்டி எடுத்து, பிளாடரைச் சரியாக அமர்த்தி, மிச்சமிருக்கும் ஓரங்களை வெளியிலிருந்து மூடுவார்கள். அங்கே மெஷின் போகாது, கைதான் போக வேண்டும். ஆக, மெஷினில் தைத்த பந்திலும் கடைசி இரண்டு மூன்று ஓரம் கைத்தையல்தான். அதைக் காட்டி முழுப் பந்தையும் விற்றுவிட்டார்.

அன்று ராத்திரி அந்தப் பந்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து பிளேடால் அறுத்தேன். மேலே பளபளவென்று பிவிசி தோல், அடியில் விரலால் அழுத்தினால் பொடியாகும் ஸ்பாஞ்ச், அதற்கடியில் கொசுவலை மாதிரி ஒரே ஒரு துணி. நல்ல பந்தில் நாலு அடுக்கு என்றால் தோலுக்கு உள்பக்கம் ஒட்டிய துணி மட்டுமே நாலு. பந்து நாளாக நாளாக முட்டை வடிவத்துக்குப் போகாமல் காப்பது அந்தத் துணிதான். இவர் எண்ணிய விதம் வேறு: தோல், ஸ்பாஞ்ச், துணி, பிளாடர். எண்ணிக்கை நாலுதான், என்ன செய்ய!

மீதிப் பந்துகளைத் தராசில் போட்டேன். 410 முதல் 450 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆறு பந்து 400ஐத் தொடவில்லை. ஈரப் புல்லில் ஒரு மணி நேரம் ஆடிய ஒன்று 430லிருந்து 520க்கு ஏறியிருந்தது. ஃபிஃபாவின் உயர்தரச் சோதனையில் நனைந்த பந்து பத்து சதவீதத்துக்கு மேல் எடை கூடக் கூடாது. அப்புறம் ஒரு பக்கெட் தண்ணீரில் பந்தை மிதக்க விட்டுச் சுற்றினேன். எப்படிச் சுற்றினாலும் வால்வுப் பக்கம் வந்து அடியில் நின்றது. வால்வின் கனத்துக்கு எதிர்ப்பக்கம் ஈடுகட்ட வேண்டும், கட்டவில்லை. உருட்டிவிட்ட பாஸ் எல்லாம் கடைசியில் ஏன் வளைந்து போயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு நான் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் பந்தே மோசம் என்று சொல்ல வரவில்லை. மெஷின் பந்து என்று சொல்லி விற்றால் பயிற்சிக்குத் தாராளமாக வாங்கலாம். உலகக் கோப்பைப் பந்திலேயே 2006இல் தையலை விட்டுவிட்டுச் சூட்டில் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கைத்தையலுக்கான காசை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்ததுதான் என் வழக்கு.

வாங்குவதற்கு முன்னால் காற்றடித்த பந்து ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு ஓரத்தின் இரு பக்கமும் கட்டைவிரல் வைத்து விலக்குங்கள். நூல் பளிச்சென்று தெரிந்து, பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் பெரும்பாலும் மெஷின். கைத்தையலில் பள்ளம் ஆழமாக இருக்கும், நூல் லேசில் கண்ணில் படாது. ஒரே ஓரத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், நாலைந்து இடத்தில் பாருங்கள். எந்த இடத்தைக் காட்டுவார்கள் என்றுதான் இப்போது தெரியுமே.

ஒரு மாதம் போராடிப் பாதிப் பணம் திரும்பி வந்தது. இப்போது ஆர்டர் கொடுக்கும்போது “90 ஓரமும் கைத்தையல், தோலுக்கு உள்ளே துணி மட்டும் நாலு” என்று எழுதி, கையெழுத்து வாங்குகிறேன். அறுத்த பந்து பையிலேயே இருக்கிறது. போன வாரம் ஒருவர் நாலு அடுக்கு என்று ஆரம்பித்ததும் அதை எடுத்து மேசையில் வைத்தேன். பார்த்துவிட்டு, “அது வேற ரேட் சார்” என்றார்.