அடுப்புக்குப் பின்னால் வால்பேப்பர்: தாளிப்பைத் தாங்குமா?

ஆன்லைனில் கிச்சன் வால்பேப்பர் என்று தேடினால் வருவதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. ஒன்று பிவிசி, அதாவது பின்னால் பசை தடவிய பிளாஸ்டிக் தாள். மரம், மார்பிள், பூ போட்ட டைல்ஸ் என்று எந்த டிசைன் கேட்டாலும் கிடைக்கும். இன்னொன்று அலுமினிய ஃபாயில், பளபளவென்று இருக்கும். போட்டோவில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, விவரத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். வாடகை வீடு, மேடைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத்தான் டைல்ஸ், அதற்கு மேல் பெயின்ட் என்பதால் நான் இரண்டையும் வாங்கினேன். அடுப்புக்குப் பின்னால் ஃபாயில், சிங்க் பக்கம் பிவிசி.

இடம் மாறக்கூடாது. பிவிசி 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். அகலமான தோசைக்கல்லோ பெரிய குக்கரோ ஏறினால் தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் அடிக்கும், அந்தச் சூட்டில் தாள் சுருங்கி ஓரம் கிளம்பிவிடும். ஃபாயில் பரவாயில்லை, ஆனால் அதற்கும் மேலே அச்சடித்த படலம், கீழே பசை எல்லாம் உண்டு. "ஃபயர் புரூஃப்" என்று போட்டிருப்பதை நம்பி அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அரை அடியாவது தள்ளி இருக்கட்டும்.

தாளிப்பு விஷயத்தில் ஃபாயிலுக்கு முழு மார்க். கடுகு வெடித்துத் தெறித்த எண்ணெய், சாம்பார் பொங்கிய தடம் எல்லாம் விம் தொட்ட ஈரத்துணியில் ஒரே இழுப்பில் போகிறது. கம்பி நார் மட்டும் கூடாது, கீறல் விழும். பிவிசியில் வெள்ளை மார்பிள் டிசைன் எடுத்தவர்களுக்கு மஞ்சள்தான் எதிரி, மிக்ஸியிலிருந்து தெறித்ததை உடனே துடைக்காவிட்டால் கறை ஏறி உட்கார்ந்துவிடும். கொஞ்சம் அழுத்தமான நிறமாகப் பார்த்து எடுங்கள்.

இந்தப் பொருளுக்குக் கிடைக்கும் மோசமான ரிவ்யூக்களில் பாதிக்குக் காரணம் சுவர் என்பது என் கணிப்பு. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரைக் கையால் தடவினால் மாவு மாதிரி வரும். அதில் ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது, அப்புறம் ஒரு நாள் மொத்தமாகக் கழன்று மேடையில் கிடக்கும். ஓதம் ஏறும் சுவரும் அப்படித்தான். எமல்ஷன் அடித்த சுவர், டைல்ஸ், கண்ணாடி இவற்றில் நன்றாகப் பிடிக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு ஒட்டினால்.

ஒட்டும்போது இரண்டு பேர் வேண்டும். பின் தாளை முழுசாக உரிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே துணியால் அழுத்தி வர வேண்டும். பிவிசியில் காற்றுக் குமிழி வந்தால் ஊசியால் குத்தி அழுத்திவிடலாம், ஃபாயில் ஒரு தடவை மடங்கினால் அந்தக் கோடு போகவே போகாது. எனக்கு வந்த ரோலே ஓரத்தில் நசுங்கித்தான் வந்தது, அட்டைக்குழாய் இல்லாமல் சுருட்டி அனுப்பியிருந்தார்கள், அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. முக்கியமாக, ஃபாயிலில் கரன்ட் பாயும். ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட் பக்கம் போகும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டு, போர்டைச் சுற்றி நல்ல இடைவெளி விட்டு வெட்டுங்கள்.

சிங்க் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் பசை விடும், அந்த இடுக்கு கரப்பான் குடியேறத் தோதான இடம். கீழ் விளிம்பில் சிலிகான் ஒரு கோடு இழுத்துவிட்டால் சரி.

காலி செய்யும்போது ஹேர் டிரையரில் சூடு காட்டி மெதுவாக உரித்தால் வந்துவிடும், டைல்ஸில் மிஞ்சும் பிசின் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். பெயின்ட் சுவரில் சில இடத்தில் பெயின்டும் சேர்ந்தே வரலாம், ஓனர் கறாரானவர் என்றால் ஒரு மூலையில் சின்னத் துண்டு ஒட்டி உரித்துப் பார்த்துவிட்டு மீதியை ஆரம்பியுங்கள்.

60 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளமுள்ள ரோல் சுமார் 13 சதுர அடி மூடும், விலை சில நூறு ரூபாய்தான். ஃபாயிலுக்கு ஐந்துக்கு நாலு, பிவிசிக்கு மூன்று. சொந்த வீட்டுக்காரர்கள் இந்தப் பக்கமே வராமல் டைல்ஸ் போட்டுவிடுங்கள்.