விர்ச்சுவல்பாக்ஸ் 7: லினக்ஸ் டெஸ்க்டாப்பை எவ்வளவு தாங்கும்?

விண்டோஸ் கணினிக்குள் லினக்ஸ் டெஸ்க்டாப் ஒன்றை ஓட்டிப் பார்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் நிறுவுவது, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸைத்தான். காசு கிடையாது, மூல நிரல் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது, ஸ்னாப்ஷாட் (திரும்பிப் போகக்கூடிய நிலைப்பதிவு) எடுப்பதும் எளிது. கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு மட்டும் தனி உரிமம் உண்டு. அலுவலகக் கணினியில் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ, மேட்டே, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய டெஸ்க்டாப்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். க்னோம், கேடிஇ பிளாஸ்மா இரண்டுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. விர்ச்சுவல்பாக்ஸின் கிராஃபிக்ஸ் பகுதி இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. கருப்புத் திரை, நகராத சாளரம், இழுத்து இழுத்து ஓடும் மவுஸ் என்று வரும் புகார்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

லினக்ஸ் கெஸ்டுக்கு, அதாவது உள்ளே ஓடும் லினக்ஸ் கணினிக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் காட்டுவது விஎம்எஸ்விஜிஏ என்ற போலி கிராஃபிக்ஸ் கார்டை. லினக்ஸின் மையமான கர்னலில் அதை இயக்கும் விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவர், விஎம்வேர் என்ற வேறொரு மெய்நிகர் மென்பொருளுக்காக எழுதப்பட்டது. அதனால்தான் கெஸ்டின் கர்னல் பதிவில், ஆதரவில்லாத ஹைப்பர்வைசரில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுவதாக அந்த டிரைவரே முறையிடும் வரியை அடிக்கடி பார்க்கிறோம். அந்த வரி மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். லாகின் செய்ததும் திரை கருப்பாகிவிட்டால், மெஷினை முழுதாக நிறுத்தி, டிஸ்ப்ளே அமைப்பில் 3டி ஆக்ஸிலரேஷன் டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். சேவ் ஸ்டேட் கொடுத்து வைத்த மெஷினில் இந்த டிக்கை மாற்ற முடியாது. ஷட்டவுன் செய்தே ஆக வேண்டும்.

3டியை எடுத்துவிட்டால் வரைகிற வேலை முழுவதும் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாக சிபியு தலையில் விழும். மெசா-யூட்டில்ஸ் பொதியை நிறுவி, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை '-பி' உடன் கொடுத்தால் ரெண்டரர் வரியில் எது ஓடுகிறது என்று தெரியும்: எல்எல்விஎம்பைப் என்றால் சிபியு, எஸ்விஜிஏ3டி என்றால் ஹோஸ்டின், அதாவது வெளியே உள்ள உண்மையான கணினியின், கார்டு. எல்எல்விஎம்பைப்பில் க்னோமை ஒரே ஒரு சிபியுவோடு ஓட்டுவது வீண். குறைந்தது 2 கொடுங்கள், ஹோஸ்டில் 8 கோர் இருந்தால் 4 கொடுக்கலாம். ரேம் 4 ஜிபி. ஸ்லைடரின் சிவப்புப் பகுதிக்குள் மட்டும் போகாதீர்கள். ஹோஸ்டும் சேர்ந்து திணறும். எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸுக்குள் சாளர நிழல் போன்ற அலங்காரங்களைச் சேர்க்கும் கம்போசிட்டரை அணைத்துவிட்டால் 2 ஜிபியிலேயே சுறுசுறுப்பாக ஓடும்.

வீடியோ மெமரி இயல்பாக 16 எம்பி. 1920×1080 திரையின் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு பிக்ஸலுக்கு 4 பைட் என்ற கணக்கில் ஏறக்குறைய 8 எம்பி போதும். 3840×2160 என்றால் 33 எம்பி ஆகிவிடும், 16இல் அடங்காது. 128 எம்பிக்கு ஏற்றிவிடுங்கள், அதனால் ஹோஸ்டுக்கு பெரிய இழப்பில்லை.

சாளரத்தை இழுத்தும் டெஸ்க்டாப் கூடவே விரியவில்லை என்றால் கெஸ்டுக்குள் நிறுவும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் ஓடவில்லை என்று பொருள். வியூ மெனுவில் ஆட்டோ-ரீசைஸ் மங்கிக் கிடப்பதே அதற்கு அடையாளம். டெபியன், உபுண்டு வகைகளில் முதலில் பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், இப்போது ஓடும் கர்னலுக்குரிய லினக்ஸ்-ஹெடர்ஸ் மூன்றையும் நிறுவுங்கள். பிறகு டிவைசஸ் மெனுவில் அடிஷன்ஸ் சிடியைச் செருகி அதன் லினக்ஸ் ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டி ரீபூட் செய்யுங்கள். டிஸ்ட்ரோ தரும் அடிஷன்ஸ் பொதியையும் சிடியில் உள்ளதையும் ஒன்றாகப் போடக் கூடாது. ஒன்றின் கோப்பை மற்றது மிதித்துவிடும், பிறகு எதன் பதிப்பு ஓடுகிறது என்றே சொல்ல முடியாது. கர்னல் புதுப்பித்த மறுநாள் எல்லாம் உடைந்தால், புதிய கர்னலுக்கான ஹெடர்ஸ் இல்லாமல் அடிஷன்ஸின் கர்னல் மாட்யூல் கட்டப்படவில்லை என்று கொள்ளலாம். வார்-லாக் கோப்புறையில் உள்ள விபாக்ஸ்ஆட்-செட்டப் பதிவின் கடைசி வரிகள் காரணத்தை நேராகவே சொல்லும். இந்தப் பதிவை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்ததற்காகவே இதை ஆக்கியவர்களைப் பாராட்டலாம்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரைக்கே திரும்பத் தள்ளுகிறதா? வலது கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எஃப்3 அழுத்தினால் கெஸ்டுக்குள் எழுத்து கன்சோல் வரும். அங்கே முதலில் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 25 ஜிபி வட்டு பழைய கர்னல்களாலும் ஸ்னாப் பொதிகளாலும் நிறைந்துவிட்டால் டெஸ்க்டாப் தன் தற்காலிகக் கோப்புகளை எழுத முடியாமல் வெளியே விழும். இடம் இருந்தால் ஹோம் கோப்புறையில் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் பெயரில் இருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி லாகின் செய்யலாம். எக்ஸ்11 (திரையைக் கையாளும் பழைய முறை) அமர்வுகளில் இது அடிக்கடி நடக்கும்.

காப்பி-பேஸ்ட் வேலை செய்யாததற்குப் பல நேரம், எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய முறையான வேலாண்டுதான் காரணம். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் மேம்படுத்துங்கள், வேலாண்டு கிளிப்போர்டு ஆதரவு 7.1இல்தான் வந்தது. எக்ஸ்11 அமர்வுக்கு மாறுவது பழைய வழி. ஆனால் க்னோம் 49இல் அந்த அமர்வு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. ஷேர்டு ஃபோல்டர் அனுமதி மறுத்தால் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்து, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் ஊர்ந்தால் சாளரத்தின் கீழ்ப்பட்டையைக் கவனியுங்கள். அங்கே பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி விழித்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது. கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, ஹைப்பர்வைசரைத் தொடக்கத்தில் நிறுத்தி ரீபூட் செய்தால் ஆமை போய்விடும். ஆனால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 நின்றுவிடும், விண்டோஸின் பாதுகாப்பும் ஒரு படி இறங்கும். அவை தேவைப்படுகிறவர்கள் இந்த மாற்றத்தைச் செய்யாமல் எளிய டெஸ்க்டாப்புக்கு மாறுவதே நல்லது.

ஹோஸ்டே லினக்ஸாக இருப்பவர்கள், அதிலும் க்னோமும் பிளாஸ்மாவும் வேண்டுபவர்கள், லினக்ஸ் கர்னலிலேயே உள்ள மெய்நிகர் வசதியான கேவிஎம்மும் அதை நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவை விர்ட்ஐஓ ஆக்கி 3டி டிக் கொடுத்து, ஸ்பைஸ் டிஸ்ப்ளேயில் லிஸன் டைப்பை 'நன்' (எதுவுமில்லை) என்று வைத்து ஓபன்ஜிஎல்லை இயக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் 3டி வராது. கெஸ்டுக்குள் ஸ்பைஸ்-விடிஏஜென்ட் நிறுவினால் கிளிப்போர்டுக்கும் வழி கிடைக்கும்.