சேசிக்குள் செய்தித்தாள்: பழைய காரைப் பிரித்துப் பட்டறைக்கு அனுப்புவோர் கவனத்திற்கு

மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்றிருந்த ஸ்டாண்டர்ட் கம்பானியன் ஸ்டேஷன் வேகனை நானே பிரித்து நானே திரும்பச் சேர்ப்பது என்று தொடங்கினேன். தகர வேலைக்கு மட்டும் ஒரு பட்டறையை நம்பினேன். அதில் 1,85,000 ரூபாயும், திரும்பக் கிடைக்காத சில பாகங்களும் போயின. புகார் விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை இதே முறையில் எந்தப் பட்டறையும் செய்துவிட முடியும்.

வண்டி 1969இல் பதிவானது. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலிருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனம் 948 சிசி இன்ஜினுடன் தயாரித்த வரிசையைச் சேர்ந்தது. அப்பா அதில் விதைநெல்லும் உரமும் ஏற்றினார். யூரியா மூட்டை போனதைவிட பொட்டாஷ் மூட்டை போனதுதான் பின்பக்கத் தரையை அரித்தது. பொட்டாஷ் ஒரு வகை உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் கொட்டகையின் கூரை பறந்தது. அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் வண்டி நனைந்தே கிடந்தது.

ஹெரால்டு வகையில், பின்னால் வந்த பல கார்களைப் போல உடம்பும் அடித்தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்காது. கீழே சேசி என்னும் தனி இரும்புச் சட்டம் இருக்கும், அதன்மேல் உடல் பகுதிகள் போல்ட்டால் பொருத்தப்பட்டிருக்கும். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். சாதாரண ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம் என்பது இதன் அழகு. அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின் உயரத்தையும், அவற்றின்மேல் வைக்கும் வாஷர்களின் கனத்தையும் பொறுத்தது. அந்தக் கைகள் துருப்பிடித்துவிட்டால் வெளியே பெயின்ட் பளபளத்தும் பயனில்லை, கதவு நேராக மூடாது. கதவுக்குக் கீழே ஓடும் பக்கப் பட்டை வெறும் மூடிதான், அது பாரம் தாங்குவதில்லை. இது தெரியாமல் அந்தப் பட்டையின் பளபளப்பைப் பார்த்துத்தான் நான் மூன்றாம் தவணையைக் கொடுத்தேன்.

2022 தை மாதம் சேசி, உடல் பகுதிகள், கார்புரேட்டர், டைனமோ, விளக்குகள் அனைத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பினேன். தகர வேலைக்குக் கார்புரேட்டரையும் டைனமோவையும் அனுப்பியது முதல் தவறு. “எல்லாம் இங்கேயே இருந்தா அளவு பாத்து மாட்டிடலாம் சார்” என்று பட்டறைக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். பாகங்களின் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. எழுத்தில் இருந்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் குறித்துக் கொடுத்த முன்பணத் தொகை மட்டும்தான்.

சித்திரையில் தருவதாகச் சொன்ன வண்டி பதினான்கு மாதம் கழித்து வந்தது. நடுவில் ஒவ்வொரு முறை பேசும்போதும் “வெல்டிங் நடக்குது சார்” என்ற ஒரே பதில். வெல்டிங் நடக்கும்போது ஒருமுறைகூட நேரில் போகவில்லை. அப்போது குறுவை நடவு, பிறகு அறுவடை, பிறகு தீபாவளி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் உடலைச் சேசியின்மேல் இறக்கியபோது இடது கதவு மேலே ஒட்டியும் கீழே ஒரு விரல் அகலத்திற்கு விலகியும் நின்றது. வாஷரை மாற்றி மாற்றி மூன்று நாள் போராடினேன். கடைசியில் எங்கள் ஊரில் நாற்பது வருடமாக டிங்கரிங் செய்யும் பாயை அழைத்துவந்தேன். அவர் கதவைத் தொடவே இல்லை. குனிந்து ஸ்குரூடிரைவரின் பிடியால் சேசியின் இடது கையைத் தட்டினார். முதல் நான்கு அங்குலம் ‘டங்’ என்றது, அதற்கப்புறம் ‘தொப்’ என்றது. “தம்பி, இது இரும்பு இல்ல” என்றார். மேலிருந்த கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டியபோது, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. பட்டிக்குப் பின்னால் கொசுவலைத் துண்டு, அதற்குப் பின்னால் சுருட்டித் திணித்த தமிழ் நாளிதழ். விரித்துப் பார்த்தேன். டெல்டாக்காரர்கள் காலையில் முதலில் தேடும் மேட்டூர் அணை நீர்மட்டக் கட்டம் அதில் இருந்தது. அணை அளவின் கடைசி இலக்கம் பட்டியில் மறைந்திருந்தது, பக்கத்தின் தலைப்பில் தேதி மறையவில்லை. சேசி வெல்டிங் முடிந்துவிட்டது என்று சொல்லி மூன்றாம் தவணையைக் கேட்டு வாங்கியதற்கு ஐந்து வாரம் பிந்தைய தேதி அது.

பாகங்களின் கதை வேறு. வந்த டைனமோ எங்களுடையது அல்ல. அப்பா எங்கள் டைனமோவின் உறையில் உளியால் ஒரு சிறு புள்ளி அடித்திருந்தார், இதில் புள்ளி இல்லை. சோலெக்ஸ் கார்புரேட்டரும் மாறியிருந்தது. இவற்றைக் கேட்டபோது, “நீங்க அனுப்புனதுதான் சார் வந்திருக்கு” என்றார். மறுக்க என்னிடம் படம்கூட இல்லை. என் பணம் போனதைவிட அப்பாவின் புள்ளி போனதுதான் இன்னும் உறுத்துகிறது, இதை எழுதத் தேவையில்லை என்றாலும் எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு, வண்டியின் சேசி எண் பொறித்த சிறு தகடு. பெயின்ட் அடிப்பதற்காக ரிவெட்டை அறுத்துக் கழற்றியவர்கள் திருப்பி அடிக்கவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேசி எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 ஆண்டைக் கடந்து, சேசியிலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் முதல் வடிவிலேயே இருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அது 10 ஆண்டு செல்லும். அந்த ஆசையில்தான் நான் வேலையைத் தொடங்கினேன். தகடு இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு அதைக் கேட்கவே நா எழவில்லை.

ஆகவே அனுப்புவதற்கு முன் அந்தத் தகட்டை நீங்களே கழற்றி வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சேசியைத் தனியாக அனுப்புங்கள், வெட்டிய பழைய தகரத்தைக் கண்ணில் காட்டினால்தான் அடுத்த தவணை என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வெல்டிங் முடிந்ததும், பட்டி பார்ப்பதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் முன்பே, நேரில் போய் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது, நழுவிவிடும். கதவுகளைப் பட்டறையிலேயே மாட்டி மூடிக் காட்டச் சொல்லுங்கள்.

திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்திற்குள் இருப்பதால் கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ரசீது இல்லாத எனக்குக் கைகொடுத்தவை கூகுள் பே பதிவுகளும், பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கும் அந்த நாளிதழ்த் துண்டும்தான். சேசி இப்போது நான்கு செங்கல் அடுக்குகளின்மேல் கொட்டகையில் இருக்கிறது, பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒவ்வொரு கையாக வெட்டிப் புதிதாகப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உறையில் உளிப்புள்ளி உள்ள பழைய டைனமோ ஒன்று உங்கள் பக்கம் விற்பனைக்கு வந்தால், வாங்குவதற்கு முன் அதன் படத்தை இங்கே போடுங்கள்.