அசல் கார்ட்ரிட்ஜா, மறுநிரப்பு மையா?

குறைந்த விலை இங்க்ஜெட் பிரிண்டர்களில் பலவற்றை உற்பத்தியாளர்கள் மிகச் சிறிய இலாபத்துக்கு விற்று, விட்டதை அதன்பின் விற்கும் கார்ட்ரிட்ஜ்களில் ஈட்டிக்கொள்கிறார்கள். ஆகவே, காலியான கார்ட்ரிட்ஜில் வேறு நிறுவனத்தின் மையை நிரப்பலாமா என்ற கேள்விக்கு, பிரிண்டர் விற்பவர் தரும் பதிலையும் மை விற்பவர் தரும் பதிலையும் ஒரே அளவு ஐயத்துடன்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இரு தரப்புமே அழுத்திச் சொல்லாத ஒரு செய்தி உண்டு: மறுநிரப்புவதால் எவ்வளவு இழப்பு நேரலாம் என்பதை, மையின் தரத்துக்கு இணையாக, நுண்துளைகள் வழியே மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது.

ஹெச்பி, கேனன் நிறுவனங்களின் சிறிய மாடல்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜுடனேயே இணைந்திருக்கும். அதிலுள்ள நுண்ணிய மின்தடை மையைக் கண நேரத்தில் சூடாக்க, எழும் நீராவிக் குமிழி மைத்துளியை வெளியே தள்ளுகிறது. இத்தகைய கார்ட்ரிட்ஜில் ஒவ்வாத மையை ஊற்றி ஹெட் அடைத்துக்கொண்டாலும், பெரும்பாலும் இழப்பு அந்த ஒரு கார்ட்ரிட்ஜோடு முடிந்துவிடும். எப்சன் பிரிண்டர்களிலோ, மின்னழுத்தத்தால் வளையும் பீசோ படிகம் மையை உந்துகிறது. அந்த ஹெட் பிரிண்டருக்குள் நிலையாக இருப்பது, கார்ட்ரிட்ஜ் வெறும் மைக்கலம் மட்டுமே. அங்கே அடைப்பு நேர்ந்து ஹெட்டையே மாற்ற வேண்டி வந்தால், புதிய பிரிண்டர் வாங்குவதே மேல் என்று தோன்றும் அளவுக்குச் செலவாகலாம். கேனனிலும்கூட நிறத்துக்கு ஒரு கலம் வைத்த மாடல்களில் ஹெட் தனியாகவே இருக்கிறது என்பதால், நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதன் அடிப்பகுதியில் ஹெட் தகடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வெப்பத்தால் இயங்கும் ஹெட்டுக்கு மையே குளிர்விப்பானாகவும் இருப்பதால், கடைசிச் சொட்டு வரை அச்சிட்டுவிட்டுப் பிறகு நிரப்புபவர்கள், எரிந்துபோன ஹெட்டுக்குப் புதிய மையைக் குறை சொல்வதும் நடக்கிறது.

மையைப் பொறுத்தவரை, நீரில் முழுதும் கரைந்த சாய மை, நுண்துகள்கள் மிதக்கும் பிக்மெண்ட் மை என்று இரண்டு வகை உண்டு. கறுப்புக்குப் பிக்மெண்ட், நிறங்களுக்குச் சாயம் என்று வைத்திருக்கும் பிரிண்டர்கள் ஏராளம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் எழுத்து கசியலாம், துகள்கள் திரண்டு துளைகளை அடைக்கலாம். எனவே, எல்லா பிரிண்டருக்கும் ஏற்றது என்று விற்கப்படும் மையைத் தவிர்த்து, குறிப்பிட்ட கார்ட்ரிட்ஜ் எண்ணுக்கென்றே தயாரிக்கப்பட்டதை மட்டும் வாங்குமாறு வற்புறுத்துவேன். அப்படி வாங்கிய மை, கடிதத்துக்கும் பாடக்குறிப்புக்கும் அசல் மைக்கு ஏறக்குறைய ஈடாகவே நிற்கும். ஒளிப்படத்துக்கு நிற்காது. பிரிண்டர் மென்பொருளின் நிறக்கணக்கு அசல் மைக்கென்றே அமைக்கப்பட்டது. அத்துடன் மலிவான சாயங்கள் வெளிச்சத்திலும் காற்றிலுள்ள ஓசோனிலும் விரைவில் மங்கக்கூடியவை. பேரக்குழந்தைகள் பார்க்க வேண்டும் என்று எண்ணி அச்சிடும் படத்தில் மைச்செலவை மிச்சப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

செலவை ஒப்பிடுபவர்கள் அசல் கார்ட்ரிட்ஜ் உறையில் உள்ள பக்க எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 தரநிலைப்படி அது பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டு அளக்கப்படுவது; வாரத்துக்கு இரண்டு பக்கம் அச்சிடும் வீட்டில், ஹெட்டைச் சுத்தம் செய்வதிலேயே மையின் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

தரம் குறித்த எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனால் அதைக் காரணமாக்கிப் பூட்டுப் போடுவதை ஏற்க இயலவில்லை. 2016 செப்டம்பரில் ஹெச்பி பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை, பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருந்த கட்டுப்பாட்டினால் திடீரென நிராகரித்தன. எதிர்ப்பு எழுந்தபின், அந்தத் தடையை நீக்கும் ஃபர்ம்வேரை நிறுவனம் வெளியிட்டது. கார்ட்ரிட்ஜ் அசல்தானா என்று பிரிண்டருக்குத் தெரிவிப்பது அதிலுள்ள சிப். 2022 தொடக்கத்தில் சிப் பற்றாக்குறையால் கேனன் தன் அசல் டோனர் (லேசர் பிரிண்டருக்கான மைத்தூள்) கார்ட்ரிட்ஜ்களையே சிப் இல்லாமல் அனுப்ப நேர்ந்தபோது, திரையில் வரும் எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் வழியைத் தானே வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுத்து, அச்சின் தரம் குறையாது என்றும் உறுதியளித்தது. சிப் காப்பது எதை என்பது அந்த உறுதிமொழியிலேயே விளங்கிவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2017இல், பிரிண்டர் நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் வழக்கில், ஒரு கார்ட்ரிட்ஜை விற்றவுடன் அதன் மீதான காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது.

நிரப்பத் தயங்குபவர்கள் வாங்கும், பிற நிறுவனங்கள் மையுடன் விற்கும் ஒத்திசைவுக் கார்ட்ரிட்ஜ், கை கறைபடாமல் காப்பாற்றும். ஆனால் அதற்குள் என்ன மை இருக்கிறது என்பதை வாங்குபவரால் அறிய முடியாது, ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் செயலிழக்கும் அபாயமும் அதற்கே அதிகம். புட்டியிலிருந்து ஊற்றும் டேங்க் பிரிண்டர் இவற்றைவிட நேர்மையான வழியாக எனக்குப் படுகிறது. எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் அதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிண்டரின் பக்கத்தில் வெளி டேங்கைக் குழாயுடன் பொருத்தி மறுநிரப்பு ஆர்வலர்கள் ஏற்கெனவே செய்துவந்ததைத்தான் நிறுவனம் தன் பெயரில் செய்தது. தொடக்க விலை அதிகம் என்றாலும் மாதந்தோறும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அச்சிடும் வீட்டுக்கு அது விரைவில் ஈடாகிவிடும். அரிதாக அச்சிடுபவருக்கு டேங்கிலும் மை உலர்ந்து அடைக்கும். அவர் எழுத்து மட்டும் அச்சிடுபவரானால், உலர்வதற்கு ஏதுமில்லாத டோனர் தூளில் இயங்கும் லேசர் பிரிண்டரையே பார்க்கலாம்.